சளியா, ஃப்ளூவா, கொரோனாவா? வேலூர் மருந்துக் கடையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வேலூர் தோட்டப்பாளையத்தில் பதினெட்டு வருஷமாக மருந்துக் கடை நடத்துகிறேன். டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மழை பிடித்தாலும் சரி, மார்கழிப் பனி இறங்கினாலும் சரி, கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டே "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்பார்கள். மாத்திரையைக் கையில் வாங்கிய பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "இது அதுவா இருக்குமா?" என்று கேட்பார்கள். கூட்டம் நிற்கும்போது நின்று விளக்க முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கொரோனாதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்று சொன்னது, 2023 மே 5 அன்று உலக அளவிலான அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. முடிந்தது அவசரநிலை மட்டும்தான். வைரஸ் நம்மோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. தடுப்பூசி போட்டதாலும் ஒரு முறையோ இரண்டு முறையோ வந்து போனதாலும் நம்மில் பெரும்பாலானவர்கள் உடம்புக்கு அது பழகிவிட்டது, மூன்று நாள் படுத்து எழுந்துவிடுகிறோம். ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், புற்றுநோய்க்கு கீமோ ஏற்றிக்கொள்கிறவர், இவர்களுக்கு அந்த மூன்று நாள் கணக்கு செல்லாது. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு என்றே வந்து தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர்! ஆற்காடு ரோட்டில் நூறடி நடந்தால் அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேரையாவது உரசிக்கொண்டுதான் போகிறோம். நமக்கு வந்தது வெறும் சளிதான் என்றாலும், நாம் யார் பக்கத்தில் நின்று இருமுகிறோம் என்பது இந்த ஊரில் பெரிய விஷயம்.

இது உண்மையில் எப்படிப் பரவுகிறது? கையாலா, காற்றாலா?

முக்கியமாகக் காற்றால். இதை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டால் மற்ற பாதி கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும்.

2020 ஏப்ரலில் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்தோம், நான் கடையில் வாங்கிய ரூபாய் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். அன்றைக்கு நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதே வாரத்தில் பத்துக்குப் பத்து அறையில், ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, ஏழு பேர் உட்கார்ந்து டிவியில் கொரோனாச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபத்து அந்த அறைக்குள்தான் இருந்தது.

தொற்று உள்ளவர் பேசும்போதும் இருமும்போதும், ஏன், சும்மா மூச்சு விடும்போதுகூட, கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வருகின்றன. கொஞ்சம் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். மிக நுண்ணியவை விழுவதில்லை, காற்றிலேயே மிதக்கும். வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடுகிறீர்கள் இல்லையா? கதவு ஜன்னல் சாத்தியிருந்தால் புகை அரை மணி நேரம் ஆனாலும் அறையை விட்டுப் போகாது. எதிரெதிராக இரண்டு ஜன்னலைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். நோயாளியின் மூச்சையும் அந்தப் புகையாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் ஒருவருக்கு ஏற்கெனவே சளி போன்ற அறிகுறி இருந்தது. கடைசியில் மொத்தம் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது, இருவர் இறந்துபோனார்கள். ஒரே அறையில் வாய் திறந்து பாடினார்கள், நடந்தது அவ்வளவுதான்.

கைப்பிடி, லிஃப்ட் பொத்தான் வழியாகவும் வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. கிருமி பட்ட இடத்தை ஒரு முறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கை கழுவுவதை விட்டுவிடாதீர்கள், வயிற்றுப்போக்கு முதல் பல நோய்களுக்கு அது நல்லது. ஆனால் கை கழுவிவிட்டேன், இனி பயமில்லை என்று அடைத்த அறைக்குள் போய் உட்காராதீர்கள்.

வேலூர் வெயிலில் வைரஸ் சாகாதா? 42 டிகிரி அடிக்கிறதே!

இந்தக் கேள்வியை நான் கேட்காத சித்திரை மாதமே இல்லை. வெயிலூர் என்று ஊருக்கே பேர் வைத்துவிட்டார்கள், அந்த நம்பிக்கை வருவது இயல்புதான். நடந்ததைப் பாருங்கள். நம் நாட்டில் மிக மோசமான அலை வந்தது 2021 ஏப்ரல், மே மாதங்களில். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேல் தொற்று பதிவானது மே மூன்றாம் வாரத்தில். சரியாக அக்னி நட்சத்திரம்!

காரணம் ரொம்ப எளிது. வெளியே எத்தனை டிகிரி அடித்தாலும் உங்கள் உடம்புக்குள் 37 டிகிரிதான். ஒருவர் மூக்கிலிருந்து பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குப் போக வைரஸுக்குச் சில விநாடி போதும், நடுவில் வெயிலில் காய அதற்கு நேரம் ஏது? அதோடு, வெயில் ஏற ஏற நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசிக்குள் ஒடுங்குகிறோம். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் செய்வதை நாம் கோடையில் செய்கிறோம். திறந்த வெளியில் தொற்று குறைவு என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முதல் காரணம் மூச்சு கலைந்து போவது.

அறிகுறி எதுவும் இல்லாதவரிடமிருந்து வருமா?

வரும். தொண்டை கரகரப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவார், அறிகுறி தொடங்கிய முதல் சில நாட்களில்தான் மிக அதிகமாகப் பரப்புவார். காய்ச்சல் உள்ளவர்களை வாசலில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி கருவி வைத்துத் தடுத்தோமே, அதில் பாதிப் பேர் தப்பிப் போனது இதனால்தான். கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய ஆரம்பத்தில் சராசரியாக ஐந்து நாள் ஆனது, பின்னால் உருமாறி வந்த ஒமிக்ரான் வகைக்கு மூன்று நாள்போல. அதிகபட்சம் 14 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே கல்யாணத்துக்குப் போய்வந்து இரண்டாம் நாளே பரிசோதனை செய்து, இல்லை என்று வந்துவிட்டது என்பதற்காகத் தாத்தாவைப் பார்க்கக் கிளம்பிவிட வேண்டாம்.

அறிகுறிகள் என்னென்ன?

காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டை வலி, மூக்கடைப்பு, தலைவலி, உடம்பு வலி, எழுந்திருக்கவே முடியாத அசதி. சிலருக்கு வயிற்றுப்போக்கு. எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீரென்று சாப்பாடு பிடிக்காமல் போவது, குழப்பமாகப் பேசுவது என்று ஆரம்பிக்கலாம். "வயசாச்சு, அதான் உளர்றாரு" என்று விட்டுவிடுகிறோம், அது தப்பு.

வாசனை போவது முதல் இரண்டு அலைகளில் பெரிய அடையாளமாக இருந்தது. என் மனைவிக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடி பிடித்து, கருகின நாற்றம் தெருவரைக்கும் வந்துவிட்டது, அவள் அடுப்புக்கு நேரே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஓடி அடுப்பை அணைத்ததும்தான் திரும்பிப் பார்த்தாள். காபித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை என்றாள். மூக்கடைப்பு துளிகூட இல்லை. ஒமிக்ரானுக்குப் பிறகு இது குறைந்துவிட்டது, தொண்டை வலியும் மூக்கொழுகலும்தான் இப்போது முன்னால் நிற்கின்றன. அதனால் வாசனை தெரிகிறது, எனவே கொரோனா இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஃப்ளூவா, டெங்குவா, கொரோனாவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃப்ளூவையும் கொரோனாவையும் அறிகுறியை வைத்து மட்டும் பிரிக்க டாக்டராலும் முடியாது, பரிசோதனைதான் வழி. 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் பயந்த எச்1என்1 வைரஸ் இன்றைக்கும் வருஷா வருஷம் வருகிற ஃப்ளூவோடு சேர்ந்து சுற்றுகிறது. அதுவும் இதே காற்று வழியில்தான் வருகிறது, அதனால் ஒன்றுக்குச் செய்கிற தடுப்பு மற்றதற்கும் உதவும்.

டெங்கு வேறு கதை, அது கொசு. திடீர்க் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் முறிக்கிற வலி, ஆனால் இருமலும் சளியும் பெரும்பாலும் இருக்காது. மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சல் என்று தெரியாதவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கேட்காதீர்கள். ஐபூப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். நான் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய் வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. சீக்கிரம் முடிவு சொல்லும் ஆன்டிஜென் கிட் "இருக்கிறது" என்றால் நம்பலாம், "இல்லை" என்றால் முழுக்க நம்ப முடியாது. ஆய்வகத்தில் செய்கிற ஆர்டி-பிசிஆர் பரிசோதனை துல்லியமானது, ஆனால் நோய் போன பிறகும் சில வாரம் "இருக்கிறது" என்று காட்டலாம். வைரஸ் பரிசோதனை நம் ஊருக்குப் புதிதில்லை. 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டபோது சென்னையிலிருந்து ரத்த மாதிரிகள் வந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) ஆய்வகத்துக்குத்தான்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

இதற்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

2021 மே மாதம், எங்கள் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆறாம் நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், இட்லி சாப்பிட்டார், என்னிடம் பாலாற்று மணலைப் பற்றிப் பேசினார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றார். பேச்சு மட்டும் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரைக் கடையிலிருந்து கொண்டுபோயிருந்தேன், அதை அவர் விரலில் மாட்டினேன். 86 காட்டியது. கருவி சரியில்லை என்று என் விரலில் மாட்டினேன், 98. திரும்ப அவர் விரலில் மாட்டினேன், 85. அன்றைக்கு மூன்று ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸில் காத்திருந்து நான்காவது இடத்தில் படுக்கை கிடைத்தது. பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். எங்களிடம் திரும்பி வரவில்லை.

இந்த நோயில் ஆக்சிஜன் குறைவது பல பேருக்கு வெளியே தெரிவதில்லை. மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் கரியமில வாயு உடம்பில் தேங்கும்போதுதான் வருகிறது. கொரோனாவில் நுரையீரல் ஆக்சிஜனை உள்ளே எடுக்கத் திணறினாலும் கரியமில வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஆள் பேசுவார், சிரிப்பார், அளவு மட்டும் உள்ளே சரிந்துகொண்டிருக்கும். அதுவும் முதல் வாரம் முடிந்து இரண்டாம் வாரம் தொடங்குகிற நாட்களில், காய்ச்சல் விட்டது என்று நாம் நிம்மதியாகிற நேரத்தில்.

ஆகவே அறிகுறி தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை ஆக்சிஜன் பாருங்கள். விரல் சூடாக இருக்க வேண்டும், நெயில் பாலிஷ் இருக்கக் கூடாது, எண் நிலைக்க ஒரு நிமிஷம் பொறுங்கள். 94-க்குக் கீழே போனால் அன்றைக்கே டாக்டர். 90-க்குக் கீழே என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுகிறவரை, திடமாக இருந்தால், ஆறு நிமிஷம் வீட்டுக்குள் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினால் அதுவும் எச்சரிக்கைதான். நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் கருவியையே பார்க்க வேண்டாம், கிளம்புங்கள். வண்டி வரும் வரை குப்புறப் படுக்க வைக்கலாம், நுரையீரலின் பின்பகுதி விரிந்து ஆக்சிஜன் கொஞ்சம் ஏறும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம், ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக் மாத்திரை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு காட்டியது ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு மட்டும்தான், தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. வைரஸோடு உடம்பு போராடுகிற முதல் வாரத்தில் போட்டால் எதிர்ப்பைக் குறைத்துக் கெடுதலே செய்யும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் பலருக்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான் பின்னணி. அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் பாக்டீரியாவுக்கு உண்டானவை, வைரஸை ஒன்றும் செய்யாது. சீட்டில்லாமல் இவற்றைக் கேட்டு என் கடைக்கு வராதீர்கள்.

கபசுரக் குடிநீர், ஆவி பிடிப்பது?

2020-இல் தெருத் தெருவாகக் கபசுரம் கொடுத்தார்கள், நானும் குடித்தேன். தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்றால் குடியுங்கள், வீட்டில் வைக்கிற மிளகு ரசத்துக்கும் அதே பதில்தான். ஆனால் கபசுரம் குடித்தாயிற்று என்று ஆக்சிஜன் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். ஆவி மூக்கடைப்பைத் திறக்கும், நுரையீரலுக்குள் இருக்கும் வைரஸைக் கொல்லாது. குழந்தைக்குப் பிடித்துக் கொதிதண்ணீர் கவிழ்ந்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

லாட்ஜில் வெளிமாநிலத்துக்காரர்கள் நிறைய இருக்கிறார்களே, அவர்கள்தான் கொண்டுவருகிறார்களா?

இந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து, சேமிப்பையெல்லாம் கரைத்து வைத்தியம் பார்க்கிறவர்கள் அவர்கள். 2020 ஊரடங்கில் இங்கேயே மாட்டிக்கொண்டு, மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் பலர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வைரஸ் ஊர் பார்த்து வருவதில்லை, காற்றோட்டம் இல்லாத அறையைப் பார்த்து வருகிறது. லாட்ஜ் நடத்துகிறவர்கள் அடைத்து வைத்த ஜன்னலைத் திறந்துவிட்டு, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைச் சரி செய்தாலே பெரிய உதவி. அதே கணக்கு டியூஷன் சென்டருக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற பெண்களுக்கும், அவர்களை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ்ஸுக்கும் பொருந்தும்.

மாஸ்க் இன்னும் தேவையா?

தெருவில் நடக்கும்போது தேவையில்லை. ஆஸ்பத்திரி ஓபி, நெருக்கமான பஸ், அல்லது உங்களுக்கே இருமல் இருக்கும் நாட்கள், அப்போது போடுங்கள். என்-95 நல்லது, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். முன்னால் வால்வு வைத்தது உங்களைக் காக்கும், ஆனால் உங்கள் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். தாடைக்குக் கீழே தொங்குவது எதற்கும் உதவாது.

தடுப்பூசி போட்டும் வந்ததே?

வரும். 2021 ஜனவரி 16-இல் நம் நாட்டில் போட ஆரம்பித்த ஊசிகள் நோய் முற்றி உயிர் போவதைத்தான் நன்றாகத் தடுக்கின்றன, தொற்றையே தடுப்பது சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. வைரஸும் ஆல்ஃபா, டெல்டா, ஒமிக்ரான் என்று உருவம் மாற்றிக்கொண்டே வந்தது. பெரியப்பாவுக்கு முதல் ஊசிகூடப் போடவில்லை, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று மார்ச்சிலிருந்து தள்ளிக்கொண்டே போனோம். வயதானவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் ஃப்ளூ ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் போய் மாதக்கணக்காகியும் அசதி போகவில்லை, இது மனப்பிரமையா?

இல்லை. தொற்று வந்து மூன்று மாதம் கழித்தும் அசதி, மூச்சு வாங்குதல், மறதி போன்றவை இரண்டு மாதமாவது நீடித்தால் அதை நீண்டகால கொரோனா என்று உலக சுகாதார நிறுவனமே வரையறுத்திருக்கிறது. "சும்மா படுத்துக்கிட்டே இருக்கா" என்று மருமகளைத் திட்டுகிற வீடுகளைப் பார்க்கிறேன். கோட்டையை மூன்று சுற்று ஓடி உடம்பைத் தேற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள், வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரே அறைதான். ஒருவருக்கு வந்தால் என்ன செய்வது?

தனி அறை, தனிக் குளியலறை என்று எழுதுவது சுலபம், லைன் வீட்டில் இருப்பவர் எங்கே போவார்? சரி, இருப்பதை வைத்துச் செய்வோம். நோயாளியின் பாயை ஜன்னல் பக்கம் போடுங்கள். டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு வெளியே பார்த்த மாதிரி வையுங்கள், அறைக் காற்று வெளியே போகட்டும், வாசல் கதவு வழியாகப் புதுக் காற்று உள்ளே வரட்டும். மொட்டை மாடி இருந்தால் பெரியவர்களும் குழந்தைகளும் ராத்திரி அங்கே படுக்கலாம், நம் ஊரில் பாதி வருஷம் அப்படித்தானே படுக்கிறோம். உள்ளே இருக்கும்போது இருவருமே மாஸ்க். சாப்பாடு மட்டும் ஒன்றாக உட்கார்ந்து வேண்டாம், அப்போதுதான் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றுகிறோம். தட்டைச் சாதாரண சோப்பில் கழுவினால் போதும். கவனித்துக்கொள்வது ஒரே ஆளாக இருக்கட்டும். ஏழு நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பொதுவாக மற்றவர்களோடு கலந்துகொள்ளலாம்.

அப்புறம் ஒரு பழைய நோட்டு எடுத்து, தேதி, நேரம், காய்ச்சல், ஆக்சிஜன் என்று நான்கு கட்டம் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். பகலில் பார்க்கும்போதெல்லாம் எழுதுங்கள், ராத்திரி படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடியற்காலை எழுந்ததும் ஒருமுறை. ஆம்புலன்ஸ் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கேட்பது "எத்தனையாவது நாள், நேற்று எவ்வளவு இருந்தது" என்றுதான். பெரியப்பாவோடு போனபோது என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.